வாடகை கம்மி, வெயில் அதிகம்: அமெரிக்கப் பாலைவன நகரம் மேசாவின் பழைய ஏரியாக்களில் குடியிருப்பது லாபமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் இப்போது சிப் தொழிற்சாலைகளின் ஊர். சாண்ட்லர் நகரில் இன்டெல், ஃபீனிக்ஸின் வடக்கு ஓரத்தில் தைவானின் டி.எஸ்.எம்.சி. என்று பல்லாயிரம் கோடி டாலர் முதலீடு அங்கே குவிகிறது. டி.எஸ்.எம்.சி. மட்டும் 2025-ல் அறிவித்த மொத்த முதலீடு 165 பில்லியன் டாலர். வேலை தேடி இந்தப் பக்கம் போகிறவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

வேலை கிடைத்ததும் வரும் அடுத்த கேள்வி, 'எங்கே குடியிருப்பது?' ஊரின் விளிம்பில் புதுசாக முளைக்கும் குடியிருப்புகள் ஒரு பக்கம். வாடகை குறைவாகக் கிடைக்கும் ஐம்பது, அறுபது வருடப் பழைய தெருக்கள் இன்னொரு பக்கம். பெரும்பாலானவர்கள் பழைய ஏரியா என்றால் 'காசு இல்லாதவர்கள் இருக்கும் இடம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆனால், பாலைவனத்தில் கணக்கே வேறு. தண்ணீர், மரம், ரயில் போன்ற விஷயங்களில் பழைய ஏரியாதான் பல நேரம் முந்துகிறது. அது தோற்பது வீட்டுச் சுவருக்குள்ளே. ஜூலை மாதத்தில் அந்தத் தோல்வி உயிரையே வாங்கும். ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே இருக்கும் மேசா நகரை வைத்து இதைப் பார்ப்போம்.

மேசா எப்படி இவ்வளவு பெரிசாச்சு?

1878-ல் மார்மன் கிறிஸ்தவக் குடியேறிகள் அமைத்த ஊர் மேசா. அவர்கள் முதலில் செய்த வேலை வாய்க்காலைத் தூர்வாரியதுதான். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹோஹோகம் என்ற பூர்வகுடி மக்கள் சால்ட் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்களின் தடம் அப்படியே கிடந்தது. அதே தடத்தில் மறுபடியும் தண்ணீரை விட்டு, விவசாயம் செய்து வளர்ந்த ஊர் இது. ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர் போன இடம்.

1950-ல் மேசாவின் மக்கள்தொகை சுமார் 17,000. 1980-ல் ஒன்றரை லட்சம். 2020 கணக்கெடுப்பில் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு 'புறநகர்' அமெரிக்காவின் பல பெரிய நகரங்களைவிடப் பெரிசாகிவிட்டது. இந்த வளர்ச்சியை ஓட்டியது ஏசி. வீட்டுக்கு வீடு குளிர்சாதனம் வந்த பிறகுதான் பாலைவனத்தில் கூட்டம் கூட்டமாகக் குடியேற முடிந்தது.

ஊர் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, படிப்படியாகப் பாலைவனத்துக்குள் நகர்ந்தது. அதனால் மேற்கிலும் நடுவிலும் இருப்பவை பழைய ஏரியாக்கள். தென்கிழக்கில் இருப்பவை புதியவை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய கார் சோதனைத் திடலில் எழுந்த ஈஸ்ட்மார்க் போன்ற குடியிருப்புகள் அங்கேதான் வருகின்றன. மெட்டா, கூகுள், ஆப்பிள் ஆகியவற்றின் டேட்டா சென்டர்களும் அந்தப் பக்கம்தான்.

பழைய ஏரியா ஏன் மலிவு?

ஒரு காரணம், காசு புதிய பக்கம் நகர்ந்துவிட்டது. மேற்கு மேசாவின் அடையாளமாக இருந்த ஃபியஸ்டா மால் 1979-ல் திறந்தது. 2018-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. மால் போனால் சுற்றியுள்ள ஹோட்டல், கடை, அலுவலகம் எல்லாம் சோர்ந்துபோகும். அப்படியே நடந்தது.

இரண்டாவது, வீடுகளின் வயசு. 1950-களிலிருந்து 70-கள் வரை கட்டிய ஒரு மாடி வீடுகள், கான்கிரீட் பிளாக் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், சின்ன அறைகள். இன்றைய வாங்குபவர்கள் கேட்கும் பெரிய சமையலறையும் இரண்டு கார் நிறுத்தும் கராஜும் பல வீடுகளில் கிடையாது.

மூன்றாவது, கலவையான குடியிருப்பு. தனி வீடு, இரண்டு மாடி அபார்ட்மென்ட், மொபைல் ஹோம் வளாகம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள், ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள், ஆசியக் குடியேறிகள் எல்லாரும் ஒரே தெருவில். டாப்சன் சாலையில் 2008-ல் மேகாங் பிளாசா வந்த பிறகு, அந்தப் பகுதி ஆசியக் கடைகளின் மையமாகவே மாறிவிட்டது. முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் அலையும் நம்ம ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை!

ஆக, விலை குறைந்ததற்குக் காரணம் இடம் மோசம் என்பதில்லை. ஃபேஷன் மாறியதும் கட்டடம் பழசானதும்தான்.

தண்ணீர்: கண்ணுக்குத் தெரியாத சொத்து

1903-ல் இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் தங்கள் நிலத்தையே அடமானமாக வைத்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த உறுதியின் பேரில் கூட்டாட்சி அரசு சால்ட் ஆற்றில் ரூஸ்வெல்ட் அணையைக் கட்டியது. 1911-ல் அது திறக்கப்பட்டது. இன்று 'சால்ட் ரிவர் புராஜெக்ட்', சுருக்கமாக எஸ்.ஆர்.பி. என்று அழைக்கப்படும் அமைப்பு அப்படிப் பிறந்ததுதான்.

இதில் முக்கியமான அம்சம், அந்தத் தண்ணீர் உரிமை ஆளோடு இல்லை, நிலத்தோடு ஒட்டியது. வயல் வீட்டுமனையாக மாறினாலும் உரிமை போகாது. மேசாவின் மேற்கு, நடுப்பகுதிகள் பெரும்பாலும் அந்தப் பழைய பாசன எல்லைக்குள் இருக்கின்றன. கிழக்கே இருக்கும் புதிய பகுதிகள் முக்கியமாக நம்பியிருப்பது கொலராடோ ஆற்றிலிருந்து 540 கி.மீ. தூரம் வரும் 'மத்திய அரிசோனா திட்ட'க் கால்வாயை.

அந்தக் கொலராடோ ஆறுதான் இப்போது சிக்கலில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதல்முறையாக அங்கே அதிகாரபூர்வ தண்ணீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2022-லிருந்து அரிசோனாவின் பங்கு வெட்டப்பட்டு வருகிறது. அந்த ஆற்றை ஏழு மாநிலங்கள் பகிர்ந்துகொள்கின்றன. பற்றாக்குறை வந்தால் யாருக்கு எவ்வளவு வெட்டு என்று சொல்லும் 2007-ம் ஆண்டு விதிகள் 2026-ம் ஆண்டோடு முடிகின்றன.

2023 ஜூனில் இன்னொரு அதிர்ச்சி வந்தது. அரிசோனா சட்டப்படி, புதிய மனைப்பிரிவு போட வேண்டுமென்றால் 100 வருடத்துக்குத் தண்ணீர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் அடுத்த 100 ஆண்டுகளில் நிலத்தடி நீர்த் தேவையில் சுமார் 4 சதவீதத்தைத் தர முடியாது என்று அரசின் கணிப்பு சொன்னது. இதனால், நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய மனைகளுக்குச் சான்று கிடையாது என்று ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அறிவித்தார். அடி வாங்கியவை மேசாவை ஒட்டிய குவீன் கிரீக், மேற்கே இருக்கும் பக்கை போன்ற விளிம்பு ஊர்கள். 2025-ல் விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்றினால் சில சலுகைகள் தரும் சட்டம் வந்தது. ஆனாலும் அடிப்படைக் கவலை அப்படியேதான் இருக்கிறது.

மேசா நகரத்துக்கு மொத்தமாக 100 ஆண்டுத் தகுதி இருப்பதால் கிழக்கே இருப்பவர்களின் குழாய் நாளைக்கே காயாது. அதே சமயம், சால்ட் ஆறும் மலைப்பனியையும் மழையையும் நம்பியதுதான். அதற்கும் வறட்சி வரும். ஆனாலும் தண்ணீருக்கான வரிசையில் முன்னால் நிற்பது பழைய ஏரியாதான்.

இதன் கண்ணுக்குத் தெரியும் வடிவமும் உண்டு. சில பழைய தெருக்களில் இன்னும் வீட்டுத் தோட்டத்துக்கு வாய்க்கால் பாசனம் நடக்கிறது. நம்ம ஊரில் நீர்கட்டி மடை திறப்பது போல, அங்கே 'ஸாங்ஹெரோ' என்று அழைக்கப்படும் ஊழியர் முறை வைத்துக் கால்வாய் மதகைத் திறப்பார். வரப்பு கட்டிய புல்வெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும். அதனால்தான் அந்தத் தெருக்களில் பெரிய மரங்கள், ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. புதிய குடியிருப்புகளில் ஜல்லிக் கல்லும் இரண்டு செடியும்தான்!

ரயில் இருக்கா, கார் மட்டும்தானா?

ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் லைட் ரயில் 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. 2015-ல் மேசாவின் நகர மையத்துக்கும், 2019-ல் கில்பர்ட் சாலை வரைக்கும் நீண்டது. ரயில் தொடுவது பழைய ஏரியாக்களை மட்டும்தான். அதில் ஏறினால் டெம்பேயில் இருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், ஃபீனிக்ஸ் மையம் எல்லாம் கார் இல்லாமலே போகலாம். விமான நிலையத்துக்கு நிலையத்திலிருந்து இலவச இணைப்பு ரயிலும் உண்டு.

தென்கிழக்கில் வீடு எடுத்தால் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கார் கட்டாயம். ஒரு புதிய காரை வைத்து ஓட்ட, தேய்மானம், காப்பீடு, பெட்ரோல், கடன் வட்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 12,000 டாலர் ஆகும் என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான 'ஏ.ஏ.ஏ.' 2024-ல் கணக்கிட்டது. அதாவது மாதம் 1,000 டாலர். கணவன், மனைவி இருவரும் ஒரே காரில் சமாளிக்க முடிந்தால், வாடகை மிச்சத்தோடு இதுவும் சேரும்.

ஒரு நேர்மையான குறிப்பு: இன்டெல், டி.எஸ்.எம்.சி. இரண்டு வளாகங்களுக்கும் இந்த ரயில் போகாது. அங்கே வேலை என்றால் ஒரு காராவது வேண்டும்.

அப்போ பிரச்சினை எங்கே? வெயில்!

2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தாண்டியது. அந்த ஜூலையில் ஒரு குறிப்பிட்ட நாளில், இரவிலும் வெப்பம் 36 செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. 2024-ல் தொடர்ந்து 113 நாட்கள் 100 ஃபாரன்ஹீட்டுக்கு மேல்.

மேசாவும் ஃபீனிக்ஸும் அடங்கிய மேரிகோபா கவுன்டியில் 2023-ல் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். 2024-ல் கொஞ்சம் குறைந்தாலும் 600-க்கு மேல்தான். இறந்தவர்களில் தெருவில் வசிப்பவர்களே அதிகம் என்றாலும், வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். கவுன்டி அறிக்கைகளில் வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் விஷயம், வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் ஏசி ரிப்பேராகியிருந்தது, அணைக்கப்பட்டிருந்தது, அல்லது ஏசியே இல்லை.

பழைய வீட்டின் பலவீனம் இங்கேதான் தெரியும்:

- சுவரும் கூரையும்: பகல் முழுக்கச் சூட்டை வாங்கும் பிளாக் சுவர், இரவில் அதை உள்ளே விடும். கூரைக்கு மேல் வெப்பத் தடுப்பு மெல்லிசாக இருந்தால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.
- ஏர் கூலர்: சில பழைய வீடுகளில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலர்தான். மே, ஜூனில் காய்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். ஜூலையில் பருவமழைக் காலம் தொடங்கி ஈரப்பதம் ஏறியதும் கைவிட்டுவிடும்.
- பழைய ஏசி: ஆர்-22 என்ற குளிர்வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரி முதல் அமெரிக்காவில் தடை. அதில் ஓடும் ஏசியில் வாயு கசிந்தால் நிரப்பவே பெரிய செலவு.
- மொபைல் ஹோம்: மெல்லிய சுவர் கொண்ட இவைதான் மிக ஆபத்தானவை. வளாக உரிமையாளர் தடுத்தாலும் குளிர்சாதனம் பொருத்திக்கொள்ளும் உரிமை இங்கே வசிப்பவர்களுக்கு 2024-ல்தான் சட்டமாக வந்தது.

பெரிய மரம் இருக்கும் தெருவுக்கும், தார் பூசிய பார்க்கிங் சூழ்ந்த அபார்ட்மென்ட்டுக்கும் நடுவே ஒரே ஏரியாவுக்குள்ளேயே நிறைய வித்தியாசம் உண்டு. 'பழைய ஏரியா' என்று பொதுவாகச் சொல்லி முடிவெடுக்க முடியாது.

கரன்ட் பில் கட்டலேன்னா என்ன ஆகும்?

2018-ல் ஃபீனிக்ஸின் இன்னொரு புறநகரான சன் சிட்டி வெஸ்டில் 72 வயதுப் பெண்மணி ஒருவர் வீட்டில் இறந்து கிடந்தார். வெறும் 51 டாலர் பாக்கிக்காக, 40 செல்சியஸைத் தாண்டிய வெயிலில் அவருடைய மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. விஷயம் வெளியே வந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் தலையிட்டது. இப்போது அந்த ஆணையத்தின் கீழ் வரும் மின் நிறுவனங்கள் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

மேசாவில் இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் தருவது எஸ்.ஆர்.பி. நகர மையத்தை ஒட்டிய பழைய பகுதிக்கு மேசா நகராட்சியே மின்சாரம் தருகிறது. இந்த இரண்டுமே அந்த ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. இவற்றுக்கென்று தனி விதிகள். எனவே குடியேறும் முன் 'கோடையில் துண்டிப்பு விதி என்ன?' என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

வாடகைதாரருக்கு என்ன பாதுகாப்பு?

நல்லதை முதலில் சொல்வோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு நிம்மதி: அரிசோனாவில் அட்வான்ஸ் அதிகபட்சம் ஒன்றரை மாத வாடகைதான். 2025 ஜனவரி முதல் குடியிருப்பு வாடகைமீது நகரங்கள் விதித்து வந்த வரியும் ரத்து. வீட்டோடு ஏசி கொடுத்திருந்தால் அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது ஹவுஸ் ஓனரின் கடமை. அவர் கவனிக்காவிட்டால், எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, வேறு இடத்தில் தங்குவது போன்ற வழிகளைச் சட்டம் வாடகைதாரருக்குத் தருகிறது. ஃபோனில் சொன்னால் செல்லாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி கெட்டது. வாடகைக் கட்டுப்பாட்டை எந்த நகரமும் கொண்டுவரக் கூடாது என்று மாநிலச் சட்டமே தடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். வாடகை தவறினால் ஐந்து நாள் நோட்டீஸ், அடுத்து கோர்ட். சில வாரங்களில் வீட்டை விட்டு வெளியேற்றிவிட முடியும். மேரிகோபா கவுன்டியில் 2023, 2024 இரண்டு வருடங்களிலும் தலா 80,000-க்கும் மேற்பட்ட வெளியேற்ற வழக்குகள் பதிவாயின.

'நமக்கு நல்ல சம்பளம், இதெல்லாம் எதுக்கு?' என்று தோன்றலாம். 2025-ல் இன்டெல் சாண்ட்லரில் நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான். அந்த 60 நாளில் மாத வாடகை குறைவாக இருப்பதும், ஒப்பந்தத்தை இடையில் முறிக்க என்ன அபராதம் என்று முன்பே தெரிந்திருப்பதும் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

இந்த மலிவு எத்தனை நாளைக்கு?

2006 உச்சத்திலிருந்து 2011-க்குள் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வீட்டு விலை பாதிக்கும் மேல் சரிந்தது. அப்போது பெரிய முதலீட்டு நிறுவனங்கள் உள்ளே வந்து, தனி வீடுகளை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கின. பிளாக்ஸ்டோன் தொடங்கிய இன்விடேஷன் ஹோம்ஸ் தன் முதல் வீட்டை 2012-ல் வாங்கியதே ஃபீனிக்ஸில்தான். முதல் வீடு வாங்க நினைத்த குடும்பங்களுக்குப் போட்டியாகப் பெரும் பணம் அன்று முதல் சந்தையில் இருக்கிறது.

2024-ல் மாநிலம் இரண்டு சட்டங்கள் போட்டது. 75,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் தனி வீட்டு மனையில் கூடுதலாக ஒரு சின்ன வீடு கட்ட அனுமதிக்க வேண்டும். நகர மையத்திலிருந்து ஒரு மைலுக்குள் இரண்டு முதல் நான்கு வீடுகள் கொண்ட கட்டடத்துக்கும் 2026 ஜனவரிக்குள் வழிவிட வேண்டும். மேசாவில் இந்த ஒரு மைல் வட்டம் விழுவது சரியாகப் பழைய ஏரியாக்கள் மேல்.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வீடுகள் கூடினால் வாடகை ஏற்றம் மட்டுப்படும், கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட்டுப் பழைய உரிமையாளரும் பிழைத்துக்கொள்வார் என்பது ஒன்று. பழைய மலிவு வீட்டை இடித்துவிட்டு விலை உயர்ந்த நான்கு வீடுகள் வரும், மரமும் போகும், இருந்தவர்களும் போவார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. எது நடக்கும் என்பது யார் கட்டுகிறார்கள், யாருக்காகக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சொந்த வீடு வைத்திருப்பவருக்கு ஒரு கவசம் உண்டு. 2012-ல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தின்படி, சொத்து வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஏரியா விலை எகிறினாலும் வரி அவர்களைத் துரத்தாது. பல பழைய தெருக்களில் மாதச் சந்தா வாங்கி, சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்றுகூடக் கட்டளையிடும் வீட்டு உரிமையாளர் சங்கங்களும் கிடையாது. வாடகைதாரருக்கோ இதில் எந்தக் கவசமும் இல்லை.

பழைய ஏரியாவில் வீடு பார்க்கிறீர்களா? இதைக் கேளுங்கள்

1. ஏசி எந்த வருடம் பொருத்தியது? எந்தக் குளிர்வாயு? ஏசி இல்லாமல் கூலர் மட்டும் என்றால் அந்த வீடு வேண்டாம்.
2. போன ஜூலை, ஆகஸ்ட் மாத மின் கட்டணம் எவ்வளவு? ஜனவரி பில்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்.
3. மின்சாரம் யாருடையது, எஸ்.ஆர்.பி.யா நகராட்சியா? மாலை நேரத்தில் கூடுதல் கட்டணம் உள்ள திட்டமா?
4. மேற்குப் பார்த்த ஜன்னல் எத்தனை? அங்கே மரமோ, நிழல் திரையோ இருக்கிறதா? வீட்டை மாலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள்.
5. ரயில் நிலையத்துக்கு நிழலில் நடந்து போக முடியுமா? வெயிலில் 15 நிமிட நடை என்பது கோடையில் போகவே முடியாத தூரம்.
6. ஏசி பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா?
7. வாங்குவதாக இருந்தால், கழிவுநீர்க் குழாயை கேமரா விட்டுப் பாருங்கள். அந்தக் கால இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியில் துருப்பிடித்துப்போயிருக்கும்.

மாதம் ஐந்நூறு டாலர் வாடகை குறைவு என்று எடுத்த வீடு, கோடையில் கரன்ட் பில்லாகவும் ஏசி ரிப்பேராகவும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதே தெருவில், வெப்பத் தடுப்பு போட்டு, ஜன்னல் மாற்றிய இன்னொரு பழைய வீடு புதிய ஏரியாவின் எந்த வீட்டையும்விட லாபமாக இருக்கலாம். தெரு நூறு வருடத்துக்கு முன்பே தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கு யார் பொறுப்பு, ஓனரா, அரசா, குடியிருப்பவரா என்பதை மட்டும் அரிசோனா இன்னும் முழுதாக முடிவு செய்யவில்லை.